மாமனார் படித்த ஏழாம் வகுப்பு

போன வாரம் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "ஏனுங்க அக்கா, என்னைத் தெரியலீங்களா?"

சுதா! கோவையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெண். இப்போது காங்கேயத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். கொரோனா காலத்தில் அவள் பி.எட். படித்த லட்சணத்துக்கு நானே சாட்சி. சாட்சி என்ன... மாணவி!

அப்போது பள்ளிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. வகுப்பெடுத்துப் பழகப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? "வீட்டில் இருப்பவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுங்கள், ஆன்லைனில் பார்த்து மார்க் போடுகிறோம்" என்றது கல்லூரி. சொல்வது சுலபம்!

சுதாவுக்குக் கிடைத்த ஏழாம் வகுப்பு இதுதான் — மாமனார், மாமியார், ஆள் போதாமல் மாஸ்க்கோடு நான். செல்போனைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் அவள் கணவர். தரையில் உட்கார்ந்து எழுந்ததில் என் முழங்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டீச்சர் என்றால் மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டும், தப்பைத் தப்பு என்று சொல்லித் திருத்த வேண்டும். அதற்கெல்லாம் மார்க் உண்டு. ஆனால் மாமனாரையா? அவர் எதிரில் சுதா சேரில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. திரையில் ஒரு கண்டிப்பான பேராசிரியர். இதில் தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நடத்தி முடித்தாள். அடுத்தது கேள்வி.

"மாமா... கொஞ்சம் எந்திரிங்க. செடி உணவு தயாரிக்க என்னென்ன வேணுங்க?"

மதுக்கரைப் பக்கம் தோப்பு வைத்திருந்த மாமனார் கம்பீரமாக எழுந்தார். "யூரியா போடோணும் கண்ணு. அதில்லாம ஒண்ணும் ஆகாது."

சுதா விழித்தாள். தப்பு என்று சொல்ல வாய் வரவேண்டுமே! "சரிங்க மாமா... ரொம்ப நல்லா சொன்னீங்க. உக்காருங்க."

செல்போனில் இடி இறங்கியது. "என்னம்மா இது? சூரிய ஒளி, தண்ணீர்னு பாடம் எடுத்துட்டு யூரியாவுக்குப் பாராட்டா? தப்பா சொன்னா திருத்த வேண்டாமா? இதுக்கு எப்படி மார்க் போடறது?"

சுதாவின் கண் நிறைந்துவிட்டது. மாமியார் தன் வீட்டுக்காரரை முறைத்த முறைப்பு இருக்கிறதே... அப்பப்பா!

மாமனார் மறுபடி எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கையையும் கட்டிக்கொண்டார்.

"டீச்சர், நான் பாடத்தைக் கவனிக்கலீங்க டீச்சர். சொன்னது தப்புங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது; மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு... தப்புதானுங்க மாமா. சூரிய ஒளி, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு, இலையில இருக்கற பச்சையம். எங்கே, திருப்பிச் சொல்லுங்க!"

சொன்னார் — கார்பனில் மட்டும் மூன்று தடவை தடுக்கி விழுந்து. பேராசிரியரே சிரித்துவிட்டார். சுதா பாஸ்!

ஆன்லைன் படிப்பைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்கிறாளே, படித்தவளையே கேட்டுவிடலாமே? "அதுல ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சா சுதா?"

"பாதி நாள் டவரே கிடைக்கலீங்க அக்கா. போர்டுல நேரா எழுதறதே ஸ்கூலுக்கு வந்துதான் பழகினேன். ஆனா ஒண்ணுங்க... மாமாகிட்டயே தப்புனு சொல்லிப்போட்டேன். அப்புறம் எங்க ஹெச்.எம். எம்மாத்திரமுங்க?"

பாவம், அந்த ஹெச்.எம்.!