பூட்டு மாற்றாத வீடு

ஜெசிந்தா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் மொன்றியலின் பியர்ஃபொன்ட்ஸ் பகுதியிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தேன். அவருடைய கணவர்தான் போன் எடுத்துச் சொன்னார். "எங்களை விட்டிட்டுப் போட்டா, தம்பி" என்றார்.

இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஒரு பருவம் படிக்க வரும் மாணவர்களுக்கு, மன்னாரில் பிறந்த அக்கா இங்கே மொன்றியலில் வீடு பார்த்துக் கொடுத்தது அவரோடு பழகிய உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வேலையில் நானும் அவரோடு இருந்தேன். யாரையும் சொந்த நாட்டாரின் வீட்டில் விடமாட்டார். லாகூர்ப் பிள்ளை சென்னைக் குடும்பத்தோடு, சென்னைப் பிள்ளை லாகூர்க் குடும்பத்தோடு. வந்த அன்றே, ஊரிலுள்ள பெற்றோர் வீடியோவில் பார்த்திருக்க, வீட்டுக்காரர் கையால் வாசல் சாவியைக் கொடுக்க வைப்பார். "சாவி குடுக்காட்டி அது ஹோட்டல்" என்பார். சரியான பிடிவாதம். அவரோடு வாதாடி வென்றவர் நம்மில் யாருமில்லை.

இந்திய-பாகிஸ்தான் எல்லையில் சண்டை மூண்டபோது, சென்னை மாணவி நந்தினி இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ருக்சானா என்ற லாகூர்ப் பெண்ணின் வீட்டில் இருந்தாள். "இன்னிக்கே என் பொண்ண அங்கிருந்து கூட்டிட்டுப் போங்க" என்று அவளுடைய அப்பா போனில் கத்தினார். ருக்சானாவோடு ஒருதரம் பேசும்படி அக்கா எவ்வளவோ கெஞ்சியும் அவர் மறுத்துவிட்டார். மறுநாள் நந்தினி விமானம் ஏறினாள். அவசரத்தில் சாவியும் அவளோடு போய்விட்டது. பூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று ருக்சானாவின் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். சாவியைத் திருப்பிக் கேட்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"கேட்காதேங்கோ. அது அங்கயே கிடக்கட்டும்."

பிறகு மாணவர் பரிமாற்றமே நின்றுபோனது. அக்காவுக்கு நித்திரை குறைந்தது. "பிள்ளையளக் கொண்டுபோய்ப் பயத்துக்குள்ள விட்டிட்டமோ?" என்று என்னைக் கேட்டபடி இருப்பார்.

இறுதிச் சடங்குக்கு ருக்சானா வந்திருந்தார். நந்தினி ஏதாவது எழுதினாளா என்று விசாரித்தார். இல்லை என்றேன். கணவரோடு சண்டை பிடித்து அதே பூட்டைத்தான் வைத்திருப்பதாகச் சொல்லி அழுதார்.

மறுநாள் காலை, செய்தி சொல்ல நந்தினியின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பாதான் பேசினார். வருத்தம் தெரிவித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த வீட்டுச் சாவி எங்ககிட்டதான் இருக்கு. அனுப்பிடட்டுமா?" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு பதில்தான். அதையே சொன்னேன்.

"அந்த வீட்டு ஆக்கள் இன்னும் பூட்டு மாத்தேல்லை, ஐயா. சாவி அங்கயே கிடக்கட்டும்."

அவர் போனை வைக்கவில்லை. "ருக்சானா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.