நிமிஷக்காவும் நாலு குழாயும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிமிஷக்கா என்றால்தான் தெரியும். இரத்தம் எடுத்த நேரம், குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்த நேரம், பிரித்த பிளாஸ்மாவை உறைபெட்டியில் வைத்த நேரம் என்று ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று நேரம் எழுதுவார். பத்தரை என்று போட்டால் போதாதா என்றால், பத்து முப்பத்திரண்டை எப்படிப் பத்தரை என்று எழுதுவது என்று திருப்பிக் கேட்பார். உங்கள் மூத்த பெண் எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். தலை வெளியே வந்த நேரமா, அழுத நேரமா என்றார்.

கண்ணாடிச் சாமான் கழுவத்தான் முதலில் வந்தார். பள்ளிப் படிப்போடு சரி. கணவர் பஸ் டிரைவர், இரண்டு பெண்கள். மாலை வகுப்பில் சேர்ந்து இரத்தம் எடுக்கும் பயிற்சியை முடித்தார். இருபத்தெட்டு வருஷம் ஆகியும் வேலை நிரந்தரமில்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

நான் அங்கே புரதங்களை எடை போட்டு அடையாளம் காணும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் மறைக்கத் தெரியாது.

அந்த வருஷம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருந்தோம். பெருங்குடல் புற்றுநோய் முற்றுவதற்கு முன்பே இரத்தத்தில் எந்தப் புரதம் காட்டிக்கொடுக்கிறது என்று தேடும் வேலை. முந்தின வருஷமே சேர்த்து உறையவைத்த நானூறு குழாய். பாதி நோயாளிகளுடையது, மீதி, நல்ல உடம்போடு இருந்து தாங்களாக முன்வந்து கொடுத்தவர்களுடையது. குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர்ப் பட்டியல் நெறிமுறைக் குழுவின் பூட்டிய அலமாரியில். எந்த எண் யாருடையது என்று தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த நாட்டிலிருந்து ஒரு அம்மாள் ஆறு வாரத்துக்கு வந்தார். முதல் நாளே தன் கையை நீட்டி ஆறு குழாய் இரத்தம் எடுக்கச் சொன்னார். அவற்றை வெவ்வேறு நேரம் மேஜையில் கிடக்கவிட்டு, பிறகு சுழற்றி, எண்களைக் கலைத்து என்னிடம் கொடுத்தார். எது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று இயந்திரத்தையே கேட்கலாம் என்றார். உடம்பை விட்டு வந்த பிறகும் இரத்த அணுக்கள் கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கின்றன. காத்திருக்கக் காத்திருக்கத் தங்களுக்குள் இருக்கும் புரதங்களைக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவை அளந்தால் நேரம் தெரியும். ஆறு குழாய்க்கும் விடை வந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் எதுவும் பிசகவில்லை. எனக்குப் புல்லரித்தது. பதினொரு வருஷமாக அந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறேன், இரத்தத்துக்கு மணி பார்க்கத் தெரியும் என்பது தெரியாமலே.

நிமிஷக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ நான் நோட்டுல எழுதுனதெல்லாம் அதுக்குள்ளயும் எழுதியிருக்கு" என்றார், ரொம்ப மெதுவாக.

அடுத்த வாரம் நானூறு குழாயையும் அவருடைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பொருந்தின. அப்படியொரு பதிவேட்டை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் அம்மாள் வாய்விட்டே சொன்னார். ஆனால் நாலு இடித்தது. நாலும் நல்ல உடம்புக்காரர்களுடையவை. பதிவேட்டின்படி நாலும் காத்திருந்தது அரை மணிக்கும் குறைவு, அதில் ஒன்று இருபத்தாறு நிமிஷம். இயந்திரமோ நாலு மணி, ஐந்து மணி என்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் கட்டுரை தயாராக இருந்தது, இந்த நாலால் எல்லாம் நிற்கிறது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரை ஒரு பிடி பிடித்தேன். மத்தியானம் கண் அசந்திருப்பீர்கள், விழித்ததும் கைக்கு வந்த நேரத்தை எழுதியிருப்பீர்கள் என்றேன். 'தாமதமாகியிருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாலையும் தூக்கி எறிந்துவிட்டு மேலே போகலாம் என்றார் ஆய்வுக்கூடத்தின் தலைவரான பேராசிரியர். ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வருகிறது என்பதையும் நினைவுபடுத்தினார்.

நிமிஷக்கா அசைந்து கொடுக்கவில்லை.

"இருபத்தாறு நிமிஷம்னா இருபத்தாறு நிமிஷந்தான் சார். மெஷினும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. அப்படின்னா ரத்தம் குழாய்ல கசியல, உடம்புக்குள்ளயே கசிஞ்சிருக்கு. அந்த நாலு பேருக்கு என்னன்னு யார் பாக்கறது?"

பயிற்சியாளர் அம்மாள் பேனாவை மூடி வைத்தார். எத்தனையோ ஊரில் இப்படிப்பட்ட குழாய்களைத் தானே தூக்கி எறிந்திருப்பதாகவும், இப்படி ஒரு கேள்வி தனக்கு வந்ததே இல்லை என்றும் சொன்னார். நாலு பேரையும் மறுபடி அழைத்து, தன் கண் முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு அன்றே எழுதினார். எடுத்த நேரமும் இயந்திரம் சொல்லும் நேரமும் அப்போதும் பொருந்தாவிட்டால் பதிவேடு சரி. பொருந்திவிட்டால் நிமிஷக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் பொருந்தும் என்று அடித்துச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து என் மேஜையில் நெறிமுறைக் குழுவிடமிருந்து ஒரு மூடிய உறை இருந்தது. ஆய்வுக்காகத் தாங்கள் அளித்த இரத்த மாதிரியை மீண்டும் எடுக்க வேண்டியுள்ளது என்று இரண்டு வரி. இரண்டு தடவை படித்தேன். முந்தின வருஷம் குழாய் சேர்க்கும்போது ஆள் பற்றவில்லை என்று நானும் கை நீட்டியிருந்தேன். நாலு நாளாக நான் குப்பையில் போடச் சொல்லிக் கத்தியது என் இரத்தத்தை.

நிமிஷக்காதான் எடுத்தார். பயிற்சியாளர் அம்மாள் பக்கத்திலேயே நின்றார். எடுத்ததும் சுழற்றி, பிரித்து, உடனே இயந்திரத்தில் ஏற்றினோம். ஓட்டியது நான்தான். ஐந்து மணி நேரம் என்றது இயந்திரம். என்னைச் சுமந்துகொண்டு ஓடும் அந்தச் சிவப்புத் தண்ணீர் எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பயத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

மற்ற மூவருடையதும் அதேபோல்தான் வந்தது. நாலு பேரில் ஒருவருக்குக் கடைசிவரை ஒன்றும் அகப்படவில்லை. ஒருவருக்கு வேறு ஏதோ இரத்தக் கோளாறு. இரண்டு பேருக்குப் பெருங்குடலில், பட்டாணி அளவில், புற்று. அதில் ஒருவன் நான். அறுத்து எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று அறுவை மருத்துவர் சொன்னபோது என் மனைவி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வார்டுக்கு நிமிஷக்கா பார்க்க வந்தார். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அது யாருடைய குழாய் என்று உங்களுக்குத் தெரியாதில்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவர் போர்வையைச் சரிசெய்தார்.

"உங்க கையில நரம்பே கிடைக்கல தம்பி. மூணு தடவ குத்தினேன். அந்த நம்பர் மறக்குமா? நீங்க கூட்டத்துல கத்தும்போதே தெரியும். சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டுட்டேன். அதான் அந்த இருபத்தாற மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டு நின்னேன்."