தேனீயின் கழுத்து

எங்கள் வீட்டில் பால்மாவு டப்பாவில் சிரித்த குழந்தைக்குக்கூடக் கழுத்தில் மைக்கோடு உண்டு. அத்தா, எங்கள் அப்பா, பேனாவால் போட்டது. எங்கள் மார்க்கப்படி உயிருள்ள எதன் படமும் வீட்டில் இருக்கக் கூடாது. கழுத்தில் கோடு இழுத்துவிட்டால் உயிர் போன மாதிரி, வைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த அத்தா மற்ற எதிலும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், அக்கா வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அவளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி, சட்டம் போட்ட ஓர் அச்சுப்படத்தைக் கொடுத்தனுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துப் பெண் ஒருத்தி வரைந்தது. இருட்டான பின்னணியில் ஒரு கண்ணாடிக் குவளை, அது நிறைய ரோஜாவும் பெயர் தெரியாத பூக்களும். "இது என்னடி, முட்டைக்கோசா?" என்றாள் அம்மா. அந்த ஊரிலும் மனித உருவம் வரையப் பழகும் இடத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் ஆயுசு முழுக்கப் பூவாகவே வரைந்தாளாம். அத்தாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. தொழுகிற அறையிலேயே படத்தை மாட்டினார்.

அக்கா அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். தூரிகையை எடுத்துவிட்டால் கூப்பிட்டாலும் காது கேட்காது. வேடசந்தூரிலிருந்து சம்பந்தம் வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்துக்குப் பிறகும் வரைய விட வேண்டும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பூவுதானே, வரையட்டுமே. எங்க, காட்டுங்க பாப்போம்."

அம்மா சுவரில் இருந்ததைக் கழற்றி, அக்காவின் படங்களோடு பாயில் பரப்பினாள். நான் பலகாரத் தட்டோடு நின்றிருந்தேன். அந்த அம்மாள் அச்சுப்படத்தின் மேல் குனிந்தார்.

"ஏம்மா, இந்த ரோசாவுல ஒக்காந்திருக்கது என்ன?"

இதழின் மடிப்பில் ஒரு தேனீ. இத்தனை வருஷம் அதற்கு நேராகத் தொழுதிருக்கிறோம், எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அக்காவின் படங்களைப் புரட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இருந்தது, இறக்கை நரம்போடு.

சம்பந்தம் முறியவில்லை. "இந்தப் பழக்கம் மட்டும் இங்கனயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார்.

விஷயம் கேட்டு அத்தா வந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும் அத்தா."

"பெறகு ஏன் சொல்லல?"

"அதுக்காகத்தான் வரைஞ்சேன். பூவெல்லாம் அதுக்குத் தொணைக்கு."

அத்தா அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "கழுத்துல ஒரு கோடு போட்டுரும்மா. எல்லாத்தையும் வச்சுக்க." அவருக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான். அக்கா பேனாவை வாங்கவில்லை. தன் படங்களை அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கக்கூட அம்மாவுக்குத் தோன்றவில்லை.

அச்சுப்படத்தின் கண்ணாடியைக் கழற்றி அத்தாவே கோடு போட்டார். பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினார்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்திருந்தாள். அத்தா மதுரைக்குப் போய்ப் புது வர்ணப் பெட்டி வாங்கிவந்து அவள் பாயருகே வைத்தார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"இங்க இருக்குற வரைக்கும் வரைஞ்சுக்கம்மா. பூவு மட்டும்."

அக்கா பெட்டியைத் திறக்கவில்லை.

"எனக்குப் பூ வரைய வராது அத்தா" என்றாள்.