ஆட்டப்பாட்டுக்குள் ஒரு மரண அறிவித்தல்

“…இனி ஒருத்தரையும் தேடித் திரியாதேங்கோ அக்கா. அந்தக் கசற்றை எறிஞ்சது நான்தான். தெரியாமல் எறியேல்லை, தெரிஞ்சுதான் எறிஞ்சனான்.”

போன வருடம் சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பின்னேரம் போல, ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில் வைத்து அவர் இப்படிச் சொன்னார். அன்று காலையில்தான் தொலைபேசியில் அறிமுகமான மனிதர். மேசையில் எனக்கு ஊற்றி வைத்த தேநீர் இருந்தது. பக்கத்தில் நான் கொண்டுபோன ஒரு தாள். இரண்டு கிழமையாக நான் தேடி அலைந்தது இவரைத்தான். ஆளைக் கண்டுபிடித்தால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கே ஆறியது? குழப்பம்தான் கூடியது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. இங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன்னால், ஜேர்மனிக்கு வந்த புதிதில், எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து பின்னேரங்களில் அரை மணி நேரம் தமிழில் வானொலி நடத்தினார்கள். அதில் மரண அறிவித்தல் வாசித்தது நான். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் தாள்கள் வரும், நான் வாசிப்பேன். அப்படியே பழகிக்கொண்டதுதான்.

அந்தக் குரல் என்னைவிட்டுப் போகவே இல்லை. தமிழ்க் கடைக்குப் போனால் கடைக்கார அண்ணை இன்றைக்கும் சொல்லுவார், “அக்கா, நீங்கள் வணக்கம் எண்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது. ஆர் போனது எண்டதை முதல் சொல்லிப்போட்டுப் பிறகு அரிசியைக் கேளுங்கோ.” ஒரு கலியாண வீட்டில் என்னை வாழ்த்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் ஓடி வந்து, “ஐயோ, அக்காவிட்டை மைக்கைக் குடுக்காதேங்கோ!” என்று பறித்துக்கொண்டு போனார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கொஞ்சம் யோசிக்கவும் செய்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொலோனிலிருந்து ஒரு ஜேர்மன் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். தான் ஓர் இங்கிலாந்து இசைக்காரருக்கு இங்கே ஒழுங்குகள் செய்து கொடுப்பவள் என்றாள். ஆட்ட மண்டபங்களில் ஆயிரக்கணக்கான இளம் ஆட்களை ஆடவைக்கும் மின்னிசைக்காரராம். அவருடைய புதிய பாட்டில் ஒரு பெண் குரல் இருக்கிறது, வுப்பர்டால் பழைய பொருட்சந்தையில் வாங்கிய ஒரு ஒலிநாடாக் கசற்றிலிருந்து எடுத்தது, கொலோனில் ஒரு தமிழ்க் கடையில் போட்டு, யார் குரல் என்று மட்டும் கேட்டதும் அங்கே நின்றவர்கள் எல்லாரும் உங்களைத்தான் சொன்னார்கள் என்றாள். நான் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அவள் அந்தத் துண்டைத் தொலைபேசியில் போட்டாள்.

“…ஆகியோரின் பாசமிகு… தாயாரும்…”

என் குரல்தான். கீழே டும் டும் என்று அடி. இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் கொலோனில் அந்த இசைக்காரரைச் சந்தித்தேன். இரவு ஆட்டத்துக்கு மண்டபத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். இசைக்காரர் ஐம்பது தாண்டியவர், தலையில் தொப்பி, ரவுடித்தனமாக இருப்பார் என்று நான் எதிர்பார்த்ததற்கு மாறாக நல்ல கூச்ச சுபாவம். அவர் ஆங்கிலத்தில் சொல்ல அந்தப் பெண் எனக்கு ஜேர்மனில் சொன்னாள்.

இங்கிலாந்தின் வடக்கே எந்நேரமும் மழை பெய்கிற ஒரு நகரத்தில் பிறந்தவராம். வாத்தியம் ஒன்றும் வாசிக்கத் தெரியாது, இசைப் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. யாரோ பாவித்துவிட்டு விற்ற ஒரு மின்னிசைப் பெட்டியை வாங்கி, தன் படுக்கையறையில் வைத்துத் தானே பழகினாராம். எனக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது. அந்தப் பெட்டியைக் காட்டினார். கல்குலேற்றரின் பொத்தான்களைப் பெருப்பித்ததுபோல சதுரச் சதுரமாக றப்பர்க் கட்டைகள். யாரோ எப்போதோ பேசியதையோ பாடியதையோ ஒரு சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு கட்டைக்குள்ளும் வைத்துவிடுவார். விரலால் தட்டினால் அது வரும். திரும்பத் திரும்பத் தட்டி, கீழே தாளத்தை ஓடவிட்டால் புதுப் பாட்டு. சாம்பிளிங் என்று அதற்குப் பெயர். ஒரு பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரலை வெட்டிச் செய்த பாட்டுத்தான் அவரை முதலில் வெளியே தெரியவைத்ததாம்.

இரண்டாவதாகப் பெரிதாக எடுபட்ட பாட்டு, இறந்துபோன ஒரு தேவாலயப் பாடகியின் குரலைக் கேட்காமல் எடுத்துச் செய்தது. ஒருநாள் அந்தப் பாடகியின் மகள், தாயின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் வந்து நின்றாளாம். சண்டை பிடிக்கவில்லை, ஏசவில்லை, சும்மா நின்றாளாம். அதற்குப் பிறகு ஆறு வருடம் பெட்டியைத் தொடாமல் ஒரு களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கினேன் என்றார். திரும்பி வந்தபோது தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்கமாட்டார். அர்த்தம் தெரிந்தால் காது கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். முடித்த பிறகு, அர்த்தத்தையும் கேட்டு, உரியவர்களிடம் சம்மதமும் வாங்காமல் வெளியே விடமாட்டார்.

என்னையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு கட்டையைத் தட்டினேன். ‘பாச’ என்றது. இன்னொன்று, ‘மிகு’. மூன்றாவதைத் தட்டினால் சொல்லே இல்லை, ஒரு மூச்சு. மூச்சுத் தடக்கி, எதையோ விழுங்குகிற சத்தம். அதுவும் நான்தான். அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்த மூச்சுத்தானாம். முழுப் பாட்டும் அதன்மேல்தான் கட்டியிருக்கிறேன் என்றார். குழந்தையைத் தாலாட்டுகிற ஒரு தாய், பாசத்தில் குரல் அடைத்துப் போகிறாள் என்று நினைத்தாராம்.

நான் சொன்னேன், இது தாலாட்டு இல்லை, ஒரு தாய் செத்துப்போன செய்தி என்று. அந்தப் பெண் பாதி மொழிபெயர்த்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மீதியைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாயின் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியுமா, அவர்கள் வேண்டாம் என்றால் பாட்டை அழித்துவிடுகிறேன் என்றார். சட்டப்படி குரலுக்குச் சொந்தக்காரியின் கையெழுத்து ஒன்றே போதும் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிச் சம்மதத் தாளைத் தந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அந்தப் பாட்டு வெளிவர வேண்டும் என்று ஆசை. நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்கிறவள் நான். கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது என்று சனம் பகிடி பண்ணுகிற குரலை ஒரு மனிதர் கடல் கடந்து வந்து அழகு என்கிறார். திரும்பி வரும் ரயிலிலேயே, தாளில் ‘குரல்’ என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். கையெழுத்தை மட்டும் விட்டு வைத்தேன்.

பிள்ளைகளை எப்படித் தேடுவது? நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன், இது யாருக்கு வாசித்தது என்று எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை. கசற்றின்மேல் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருந்தது. பதிவும் நடுவில்தான் தொடங்குகிறது, பெயர்களெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விட்டன. எட்டு விநாடியில் வேறு ஏதோ மேலே பதிவாகிவிட்டது. கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு அக்கா கேட்ட உடனேயே அழுதுவிட்டா, “இது என்ரை அம்மாவுக்கு வாசிச்சது” என்று. செய்தி பரவி, அடுத்த நாள் கொலோனிலிருந்து ஒரு குடும்பம், இல்லை, எங்கட அம்மாவுக்கு என்றது. மூன்றாம் நாள் இன்னொருவர், அவருக்குக் கோபம் வேறு, “எங்கட அம்மாவை வச்சு ஆடப்போகினமோ?” என்று. ஒருவரும் பொய் சொல்லவில்லை. பாசமிகு தாயார் என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? நான் எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்டேன், அந்தக் கசற்றில் பிறகு என்ன வரும்? ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை காலை ஒருவர் தொலைபேசி எடுத்தார். “பின்னாலை ஜேர்மனிலை ஒரு சின்னப்பிள்ளையளின்ரை கழுதைக் கதை போகும். என்ரை மகள் சின்னனிலை அதுக்கு மேலை பதிஞ்சுபோட்டாள்” என்றார். இசைக்காரர் எனக்குப் போட்டுக் காட்டியதும் அதே கழுதைக் கதைதான்.

அன்று பின்னேரம் குசினியில் இருந்துகொண்டு அவர் தன் கதையைச் சொன்னார். “அப்ப நான் அகதி முகாமிலை. விசா இல்லை, ஊருக்குப் போக ஏலாது. றேடியோவிலை சொல்லப்போகினம் எண்டு தம்பி ரெலிபோன் எடுத்துச் சொன்னவன். கசற் தேடி, பொத்தானை அமத்த முந்தி நீங்கள் பாதி வாசிச்சிட்டியள். எனக்குச் செத்தவீடெண்டால் அவ்வளவுதான் அக்கா. கேட்டுப்போட்டுப் போய்த் தலை முழுகினன்.”

“பிறகேன் தம்பி எறிஞ்சனீங்கள்?”

“வீடு மாறேக்கை நிலவறையைத் துப்புரவாக்கினம். கையிலை எடுத்தன். போட்டுக் கேக்க றெக்கோடரும் இல்லை. கேட்டாலும் அண்டைக்கு எனக்கு நித்திரை இல்லை. மகள் ‘அப்பா, வேணுமோ வேண்டாமோ?’ எண்டு கத்தினாள். வேண்டாம் எண்டிட்டன். மற்றக் கசற்றுகளோடை பெட்டியிலை போட்டு, விரும்பின ஆக்கள் எடுக்கட்டும் எண்டு வாசலிலை வச்சம். பின்னேரம் போய்ப் பாத்தன், பெட்டி இல்லை.”

பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். கைத்தொலைபேசியைத் தேநீர்க் கோப்பையில் சாய்த்து வைத்துப் போட்டேன். முதலில் வெறும் மூச்சு. அந்த மூச்சைத் தாளம் பிடித்துக்கொள்கிறது. பிறகு ‘பாச, பாச, பாசமிகு’ என்று நான் அலை அலையாக வருகிறேன். நெடுநேரம் கழித்து, அடியெல்லாம் நின்றுபோன ஓர் இடத்தில், ‘தாயாரும்’ என்ற சொல் தனியாக வந்து விழுகிறது. அதற்குப் பிறகு மேலும் பலமாக அடி. ஆறு நிமிடமும் அவர் மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு ஆடுவினமோ?”

“ஓம். ஆயிரக்கணக்கிலை.”

“அவைக்கு விளங்குமோ?”

“இல்லை.”

“அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு கிணத்தடிப் பக்கம் ஓடியிருப்பா” என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்த மூச்சு வாற இடத்திலை நீங்கள் அழுதனீங்கள் அக்கா. முன்பின் தெரியாத ஒரு மனுசி என்ரை அம்மாவுக்காக அழுதிருக்கிறா எண்டதைத்தான் நான் இவ்வளவு காலமும் பிடிச்சுக்கொண்டிருந்தனான்.”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவரும் ஆறியிருப்பார், தாளும் முடிந்திருக்கும், நானும் நல்ல பெயரோடு வந்திருப்பேன். ஆனால் வாசிக்கும்போது தொண்டை வறளாமல் இருக்க நாக்கின் கீழ் இருமல் இனிப்பு வைத்துக்கொள்கிற பழக்கம் அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது. தாள்களும் பல நாள் எழுத்து அழிந்துதான் வரும். அது அழுகையா, இனிப்பா, அழிந்த எழுத்தா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒருவருடைய தாயை வைத்துக்கொண்டு ஊகத்தில் பேச மனம் வரவில்லை.

“தம்பி, எனக்கு நினைவில்லை. அழுதுமிருக்கலாம். இனிப்பை விழுங்கினதாயும் இருக்கலாம்.”

கைத்தொலைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். எழும்பிப் போகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு, “அப்ப அந்த அழுகை என்ரையாத்தான் இருக்கும்” என்றார். “தாளைத் தாங்கோ. பேனையும்.”

இருவரின் கையெழுத்தோடும் தாள் போய், பாட்டு வெளிவந்துவிட்டது. எங்கள் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இளம் பெண் ஒருநாள் அதைப் போட்டுவிட்டு இடுப்பை ஆட்டினாள். நான் வெங்காயம் வெட்டினேன். ஒரு குரல் யாருக்குச் சொந்தம், பேசியவளுக்கா, வெட்டி எடுத்தவருக்கா, எறிந்தவருக்கா, செத்துப்போனவருக்கா என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்றைக்கு அவர் அந்தத் தாளை இழுத்து, ‘குரல்’ என்ற இடத்தில் நான் ஆசையாக எழுதி வைத்திருந்த என் பெயரின்மேல் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் தன் தாயின் முழுப்பெயரையும் தமிழில், ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார் என்பது மட்டும்தான்.