எல்லோரும் பார்க்கலாம்

2008-ஆம் வருஷம். அப்போது நாங்கள் புதுச்சேரி மூலக்குளத்தில் குடியிருந்தோம். வயதுக்கு வந்த என் மகளுக்குக் கோடை விடுமுறையில் மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். பிரான்சில் இருக்கும் என் தங்கையால் வர முடியவில்லை. "ஒரு போட்டோ வுடாம எனக்குக் காட்டுக்கா" என்று போனில் அழுதாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். மதியச் சமையல் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏ.சி. குளிரில் உட்கார்ந்தால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். படங்கள் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறக்கும். முதலில் நெற்றிச்சுட்டி, அப்புறம் கண், அப்புறம் சிரிப்பு. நான் பெற்ற பெண்தானா இவள் என்று மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

படங்களைப் போட்டுவைக்கும் இணையதளம், யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டது. 'எல்லோரும்' என்று அழுத்தினேன். ஊரைக் கூட்டிச் செய்த விழாதானே, இதில் என்ன ஒளிவுமறைவு! அதோடு நிறுத்தினேனா? ஊர் ஏக்கத்தில் இருக்கும் தங்கைக்காக, மகள் பள்ளிச் சீருடையில் நிற்பது, டியூஷன் வீட்டு வாசலில் சைக்கிளோடு சிரிப்பது என்று சேர்த்துக்கொண்டே போனேன். எந்தத் தெரு, டியூஷன் எத்தனை மணிக்கு முடியும், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், எல்லாவற்றையும் 'பிரான்ஸ் சித்தி பார்ப்பதற்காக' என்று கீழே எழுதினேன். தங்கை அங்கே ஒன்றும் எழுத மாட்டாள். பார்த்துவிட்டுப் போனில்தான் பூரித்துப்போவாள்.

ஆனால் யார் யாரோ எழுதினார்கள். மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள், கண் பட்டுவிடும், சுற்றிப் போடுங்கள் என்றெல்லாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவன் தினமும் எழுதினான். தானும் பாண்டிதான் என்றான். தங்கை வீட்டுக்காரருக்குத் தெரிந்த பையன் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று பதில் எழுதினேன். நல்ல வார்த்தை சொன்னவரை அப்படி அழைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

பள்ளி திறந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் டியூஷன் டீச்சர் போன் பண்ணி, உடனே வரச் சொன்னார். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. டீச்சர் வீட்டு நாற்காலியில் மகள் வெலவெலத்து உட்கார்ந்திருந்தாள்.

டியூஷன் முடிந்து வெளியே வந்தவளை, பைக்கில் வந்த ஒருவன் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

"சித்தி பிரான்ஸ்லேர்ந்து பார்சல் அனுப்பியிருக்காங்க. அம்மாதான் உன்னை இட்டாரச் சொன்னாங்க. சைக்கிளை இங்கயே வுட்டுட்டு ஏறு."

இவளும் நம்பி, சைக்கிளை நிறுத்திவிட்டாள். பைக்கில் ஏறப்போகும்போது என்ன தோன்றியதோ, "சித்தி பேரு என்னா, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை. சிரித்து மழுப்பிக்கொண்டே இவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். பையை உதறிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டாள். டீச்சர் வாசலுக்கு வந்தபோது பைக் போய்விட்டது. பை மட்டும் தெருவில் கிடந்தது.

"நீ கூப்புடுற பேரு அவனுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"நான்தான்டி சொன்னேன்" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

போலீசில் சொன்னோம். அவன் கடைசிவரை அகப்படவில்லை. மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் அந்தப் படங்களை அங்கே பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், விழாவில் அத்தனை பேர் நடுவே உட்கார வெட்கப்பட்டு அழுத படத்தில் நின்றாள்.

"இதையுமா போட்ட? என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாப் படங்களையும் அழித்தேன். திரை வெறுமையாகிக்கொண்டே வந்தது. அதற்குள் யார் யார் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, அது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு வாரம் ஆனது. பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான்தான், ஆனாலும் அந்த முகம் அவளுடையது, அதை ஊருக்குக் காட்ட அவளைத்தான் கேட்க வேண்டும் என்பது, அவளைத் தொலைக்க இருந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.