மஞ்சள் பட்டை ஒட்டிய அடுப்படி

சமையல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அடுப்புச் சூடு ஒரு மாதத்தில் பழகிவிடும். அடுப்புப் பக்கமே வராதவர்கள் சொல்லும் யோசனை ஆயுசுக்கும் பழகாது. அடுத்தவர் வீட்டில் கரண்டி பிடிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் இருப்பது நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் கம்பெனி முதலாளி ஒருவரின் வீட்டில். ஒன்பது பேருக்குச் சமையல், அதுபோகப் பன்னிரண்டரைக்குக் கம்பெனிக்கு ஆறு கேரியர். சமையல் என் பொறுப்பு. பாத்திரம் கழுவுவதும் துடைப்பதும் மும்தாஜ்.

கண்ணாடி டப்பா

முதலாளியம்மா போனில் யாரோ ஒருத்தியின் சமையலறையைப் பார்த்துவிட்டார். மறுவாரமே நாற்பது கண்ணாடி டப்பா வந்து இறங்கியது, எல்லாம் ஒரே அளவு. சிட்டிகை பெருங்காயத்துக்கும் அதே டப்பா, படிக்கணக்கில் செலவாகும் அரிசிக்கும் அதே டப்பா. அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டேன். கண்ணில் படாத இடத்தில் என்றார். மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, தினமும் குனிந்து குனிந்து அள்ளி வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மூடிகளில் மஞ்சள் கறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க சமைக்காம இருந்தீங்கன்னா இது எத்தனை அழகா இருக்கும்ங்க, சரசக்கா."

நடைபாதை

கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஆய்வுக்கு வரும்போது தரையில் மஞ்சள் பட்டை ஒட்டி, எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பவர் மேனேஜர். அவரையே வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர். குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம், கிரைண்டருக்கு ஒரு கட்டம், அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே நடைபாதை என்று அரைநாள் முட்டிபோட்டு ஒட்டினார். அன்றைக்குக் கேரியர் தாமதம். அதற்குத் திட்டு எனக்கு.

அவர் போனபிறகு மும்தாஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் எடம் போட்டுட்டாருங்க. நாம எங்கீங்கக்கா நிக்கறது?"

கட்டிப்போட்ட கத்தி

தையல் மெஷினில் கத்திரியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். துணியோடு அட்டைப்பெட்டிக்குள் போய்விடக் கூடாதல்லவா. அதே நியாயத்தில் மேனேஜர் என் கத்தியையும் நைலான் கயிற்றால் மேடையில் கட்டினார். கயிறு எட்டுகிற தூரம்தான் வெங்காயம் நறுக்கலாம். கத்தியை எந்தப் பெட்டியில் போட்டு நான் ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை.

"எத்தனையோ டெய்லருக்குப் பழகிருச்சுங்க, உங்களுக்குப் பழகாதா?"

ரசம் கொட்டிய நாள்

முதலாளியின் தங்கை மகளுக்கு நிச்சயம், வீட்டில் நாற்பது இலை. எலுமிச்சை அரியக் கத்தியை இழுத்தேன். கயிறு நடைபாதைக்குக் குறுக்கே விறைத்து நின்றது. ரசக் குண்டானைத் தூக்கி வந்த மும்தாஜ் அதில் மோதினாள். கொதிக்கிற ரசம் அவள் இரண்டு பாதத்திலும் கொட்டியது. அவள் குண்டானைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

குழாயைத் திறந்து அவள் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா வாசலிலேயே நின்று, இலைக்கு ரசம் போதுமா என்றார். மேனேஜர் மட்டும் உள்ளே வந்து தரையைக் கூர்ந்து பார்த்தார்.

"கோட்டைத் தாண்டி ஏனுங்க வந்தாங்க?"

ஒரு காலை

மும்தாஜை ஆஸ்பத்திரியில் காட்டி வீட்டில் விட்டேன். மறுநாள் போனதும் முதல் வேலையாகக் கயிற்றை அறுத்தேன். பட்டைகளைச் சுரண்டி எடுத்தேன். மூட்டை அடுப்படிக்குத் திரும்பியது. கை எட்டுகிற உயரத்தில் அஞ்சறைப்பெட்டி, எண்ணெய், உப்பு. கேரியர் பன்னிரண்டு மணிக்கே கிளம்பியது. பிறகு முதலாளியம்மாவிடம், இது இப்படியே இருந்தால் நான் இருக்கிறேன், மும்தாஜும் கால் ஆறியதும் வருவாள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இல்லை என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மூன்று வாரத்தில் மும்தாஜ் வந்துவிட்டாள். அவிநாசியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அடுப்படியைப் பார்த்து அசந்துபோனார்கள். முதலாளியம்மா எங்கள் இருவருக்கும் நடுவே நின்று சொன்னார்:

"எல்லாம் நானே பார்த்துப் பார்த்து அடுக்குனதுங்க."

சமைக்க மூன்று மணி நேரம், கழுவ ஒரு மணி நேரம், ஒழுங்குபடுத்த வருகிறவர்களைச் சமாளிக்க மீதி ஆயுள் என்பதுதாங்க நம் தொழில்.