தலையாட்டி கடற்கரைக்குப் போன கதை

எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்க முடியும். கல்யாணம், சாவு, வேலூர் ஆஸ்பத்திரி. போன ஆடியில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். ஆடி என்பதால் கல்யாணம் என்று புளுகவும் வழியில்லை. தெருமுனை டீக்கடைக்காரர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாண்ணா, அண்ணிக்கு எங்க கட்டி?" என்று கேட்டார்.

"கட்டியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. சும்மா ரெண்டு நாள் கடலப் பாத்துட்டு வரலாம்னு போறோம்."

அவர் என் தோளைத் தட்டினார். "தைரியமா இருங்க. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து வந்துட்ச்சி."

ஆரணியை விட்டுப் பஸ் நகர்வதற்குள் என் மனைவிக்கு ஆபரேஷன் என்று இரண்டு தெருவுக்குச் செய்தி போய்விட்டது. அவளே அதைக் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று பாவி மனசு ஒரு நிமிஷம் நினைத்தது. ஏனென்றால் அவள் இந்தப் பயணத்தைக் கேட்ட காரணமே வேறு. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். பேசினா நீங்க பதில் சொல்லணும். இந்த வீட்டுல அது ஆவாது. சத்தம் இல்லாத எடமா பாத்து ரெண்டு நாள் போலாம்" என்று சொல்லி, வேலூரில் படிக்கிற எங்கள் மகளை விட்டு, மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர விடுதியில் அறை போட வைத்துவிட்டாள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் பேச முடியாது என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கூடத்தில் இரண்டு கைத்தறி, காலால் மிதித்து ஓட்டுவது. ஒன்றில் நான், ஒன்றில் அவள். இடது பக்கத்து வீட்டில் நாலு விசைத்தறி, பொழுது விடிந்தால் கடகடவென்று ஓடும். இருபது வருடமாக எங்கள் குடும்பப் பேச்சு முழுவதும் இந்த இரைச்சலுக்கு மேலே ஏறிப் போய்த்தான் மறுபக்கம் இறங்கும். அவள் சாமர்த்தியசாலி, உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். நான் வேறு வழி கண்டுபிடித்தேன். அவள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவேன். மேலும் கீழும் ஆட்டுவதா, பக்கவாட்டில் ஆட்டுவதா என்று யாருக்கும் பிடிபடாத ஓர் ஆட்டல். பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷன் என்று இதனாலேயே தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

விடுதியின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'இங்கே அமைதி குடியிருக்கிறது. எழுப்பாதீர்கள்.' உள்ளே வேலை செய்கிற எல்லோருமே தொண்டை கட்டியவர்கள் மாதிரி கிசுகிசுப்பாகப் பேசினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மூலைக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்து, கடல் அலையின் சத்தத்தைப் பதிவு செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜக் கடல் ஐம்பது அடியில் இருந்தது. அது உள்ளே கேட்காமல் இருக்கக் கண்ணாடிக் கதவு போட்டு மூடியிருந்தார்கள்.

போய் உட்கார்ந்ததும் டீ வந்தது. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாங்க, இதுல சக்கரையே இல்ல!" என்றாள்.

"கேட்டா குடுப்பாங்க, இரு!" என்றேன்.

நாங்கள் வழக்கம்போலத்தான் பேசினோம். அது தறிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற குரல் என்பதும், அங்கே தறி இல்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பக்கத்து மேஜையில் சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி, எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். என் மனைவி அவர்கள் உதட்டைப் பார்த்துவிட்டு, "நாம சண்ட போடறோம்னு சொல்லிகினு கீறாங்க!" என்று அதே குரலில் எனக்கு அறிவித்தாள்.

சாயங்காலம் மேனேஜர் அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், கழுத்தில் டை கட்டியிருந்தார். நான் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் என் மனைவியிடம் குனிந்து, "மேடம், நீங்க சேஃபா இருக்கீங்களா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

அவள் அவர் உதட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு, "எனக்கு இன்னாத்துக்கு சேஃப்பு? நகையெல்லாம் ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்!" என்றாள்.

எதிர் அறைக் கதவு ஒன்று திறந்து மூடியது. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெண்டாட்டியின் நகையைப் பிடுங்கிக்கொண்ட குடிகாரனைப் பார்க்கிற பார்வை அது. அதன் பிறகு எங்கள் அறைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள்கூட இரண்டு இரண்டு பேராக வந்தார்கள்.

இந்தக் கூத்து எனக்கு ஒரு வகையில் வசதியாகிவிட்டது. "பாத்தியா, இங்க பேசினா வம்பு. கடலாண்ட போயிடலாம்" என்று அவளைக் கரைக்கு இழுத்துப் போனேன். அலை இரைந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. காற்றும் நல்ல காற்று. அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கால் நனைக்கப் போய்விட்டாள். மறுபடி வந்து ஆரம்பித்தாள். நான் மறுபடி ஆட்டினேன். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன், கட்டுமரத்தைக் காட்டினேன், மீன் விலை விசாரித்தேன். ஒரு மனிதன் ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபடலாமோ அவ்வளவும் பட்டேன்.

மறுநாள் காலை காபி குடித்ததும் மறுபடி செருப்பை மாட்டினேன். "கடலாண்ட போலாமா?"

அவள் எழுந்து போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஏசியை நிறுத்தினாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. என் காதுக்குள் என்னவோ 'ஙொய்' என்றது.

அவள் குரலைத் தணித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"செய்யார்ல ஷூ கம்பெனில வேல கெடச்சிருக்கு. தையல் சரியா கீதான்னு பாக்கற வேல. டெஸ்ட் வெச்சாங்க. வந்தவங்கள்ல நாந்தான் ஃபர்ஸ்ட். திங்கக்கெழம சேரணும்."

"எப்ப டெஸ்ட்டு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னனே. அப்ளிகேஷன் போடறப்ப சொன்னேன், தலைய ஆட்டினீங்க. டெஸ்ட்டுக்குப் போறப்ப சொன்னேன், ஆட்டினீங்க. லெட்டர் வந்தப்ப கையில வெச்சிகினு நின்னேன். அப்பவும் ஆட்டினீங்க. உங்க தலைய நம்பி நான் வேலைக்குப் போவ முடியுமா? அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தது. வாயத் தொறந்து சொல்லுங்க. போவட்டுமா, வேணாமா?"

தறிச் சத்தத்தில் என் காதில் ஒன்றும் விழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாவப்பட்ட முகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அந்த அறையில் அந்தப் பொய்யைச் சொன்னால் அது எனக்கே கேட்டுவிடும் போலிருந்தது. வெட்கமாக இருந்தது.

"கேட்டுச்சி" என்றேன். "மூணு வாட்டியும் கேட்டுச்சி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நெசமாவே கேக்கலன்னா தலைய ஆட்டிட்டு சும்மா இருப்பீங்க. கேட்டுட்ச்சின்னா தலைய ஆட்டிட்டு ஜல்தி ஜல்தியா மிதிப்பீங்க. தறி ஒடஞ்சிடும் போல மிதிப்பீங்க. இத்தினி வருசமா பாத்துகினு தான இருக்கேன்."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். வழுவழுவென்று டைல்ஸ் தரை. அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"பயமா கீது" என்றேன். "நீ போயிட்டா அந்தத் தறி சும்மா நிக்கும். நான் மட்டும் ஒண்டியா உக்காந்துகினு இருக்கணும்."

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எனக்குத் தெரியாத ஓர் ஊருக்கு வழி சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"நான் இருவது வருசமா ஒண்டியாத்தான் பேசிகினு கீறேன்."

இதற்கு எந்தப் பக்கம் தலையை ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"திங்கக்கெழம கம்பெனி பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

"அஞ்சே முக்கால். நாலரைக்கு எழுந்து நீங்க சோறு வடிக்கணும்."

"சரி" என்றேன். வாயால்தான் சொன்னேன்.